சுவரில் விழுந்த பழைய முகங்கள்



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகவல் இலாகாவின் வண்டி மாலையில் வந்து நிற்கும். பாயையும் பலகையையும் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் திடலுக்குப் போவார்கள். புரொஜெக்டரிலிருந்து ஓர் ஒளிக்கற்றை புறப்படும். துணியில் மனிதர்கள் நடப்பார்கள், சிரிப்பார்கள், அழுவார்கள். விளக்கை அணைத்தவுடன் அங்கே வெறும் துணி மட்டுமே தொங்கும். அது எவருக்கும் வியப்பாக இருந்ததில்லை. படம் என்றால் அப்படித்தான் என்று எழுந்து வீட்டுக்குப் போய்விடுவோம்.

அந்த ஒளி ஒரு துணியின்மேல் விழாமல், ஒரு வீட்டுச் சுவரின்மேல் விழுந்தால் என்ன ஆகும்? அதுவும், அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே வீட்டில் வாழ்ந்து, பின்னர் அங்கிருந்து துரத்தப்பட்ட ஒருவரின் உருவம் அந்த வீட்டின் வாசலிலேயே வந்து நின்றால் என்ன ஆகும்? இப்படி ஒரு காரியம் ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் நடந்தது. அதைச் செய்தவர் ஷிமோன் ஆட்டி என்னும் அமெரிக்கக் கலைஞர். 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். அவருடைய அந்தக் கலைப்பணியைப் பற்றியும், அதிலிருந்து நம் குடும்பங்கள் அறிந்துகொள்ளத்தக்க ஒரு செய்தியைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

கலை என்றவுடன் சட்டம் போட்டு மாட்டிய ஓவியமும், கல்லில் செதுக்கிய சிலையும் நம் நினைவுக்கு வரும். இது வேறு வகை. ஓர் இடத்தையே எடுத்துக்கொண்டு, அங்கே பொருளையோ ஒளியையோ ஒலியையோ அமைத்து, அந்த இடத்தைப் புதிதாகப் பார்க்கச் செய்வது. இதை இட அமைப்புக் கலை எனலாம். நமக்கு இது முற்றிலும் புதிதன்று. திருவிழாவுக்குப் பந்தல் போட்டு, வாழை கட்டி, மின்விளக்குத் தொங்கவிட்டதும் நாம் தினமும் கடந்துபோகும் கோயில் திடலே வேறோர் இடமாகத் தோன்றுகிறதல்லவா? மண்ணும் மரமும் மாறவில்லை. நம் பார்வை மாறுகிறது. ஆட்டி செய்ததும் அதுதான். ஆனால், அவர் கட்டிக் காட்டியது திருவிழா அன்று, ஓர் இழப்பு.

முதலில் அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பெர்லின் நகரின் நடுப்பகுதியில் ஷொய்னன்பீர்ட்டல் என்றொரு பேட்டை இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதற்குக் களஞ்சியப் பேட்டை என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில், நகருக்குள் தீப்பிடித்தால் ஆபத்து என்று கருதி வைக்கோல் களஞ்சியங்களை நகர மதிலுக்கு வெளியே கட்டச் செய்தார்கள். அந்தக் களஞ்சியங்கள் இருந்த இடத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் நகரம் வளர்ந்து அந்த இடத்தை விழுங்கிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் போலந்து, ரஷ்யா முதலிய கிழக்கு நாடுகளிலிருந்து ஏழை யூத மக்கள் பெர்லினுக்கு வந்தார்கள். சொந்த ஊரில் வறுமையும் கலவரமும் தாங்காமல் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டவர்கள் அவர்கள். குறைந்த வாடகைக்கு அறை கிடைத்த இடம் இந்தப் பேட்டை. தையல் வேலை, தள்ளுவண்டி வியாபாரம், பழைய துணி விற்பது, சிறு கடை நடத்துவது என்று பிழைத்தார்கள். ஒரே அறையில் பெரிய குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. வீட்டில் இத்திஷ் மொழி பேசினார்கள். தொழுகைக்கூடங்கள், எபிரேயப் புத்தகக் கடைகள், தங்கள் சமய முறைப்படி இறைச்சி விற்கும் கடைகள் எல்லாம் அங்கே இருந்தன. கிரெனடியர் தெரு என்பது அந்த வாழ்க்கையின் மையம்.

1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டில் பெர்லினில் ஏறத்தாழ 160,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். முதலில் அவர்களுடைய வேலைகள் பறிபோயின. பிறகு கடைகள், வீடுகள் பறிபோயின. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. கடைக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. தப்பிக்க முடிந்தவர்கள் வேற்று நாடுகளுக்கு ஓடினார்கள். 1941 அக்டோபர் 18ஆம் நாள் பெர்லினிலிருந்து முதல் ரயில் யூதர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே போயிற்று. அப்படி அனுப்பப்பட்டவர்கள் 50,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிருடன் திரும்பவில்லை. ஐரோப்பா முழுவதிலும் அப்படிக் கொல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர்.

மனிதர்கள் போனார்கள், தெருக்கள் இருந்தன. போருக்குப் பின் அந்தப் பேட்டை கிழக்கு பெர்லினில் சேர்ந்தது. 1961இல் நகரின் நடுவே மதில் எழுந்தது. 1989 நவம்பர் 9ஆம் நாள் அந்த மதில் திறக்கப்பட்டது. 1990 அக்டோபர் 3ஆம் நாள் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. இந்தக் காலமெல்லாம் பேட்டையின் பழைய வீடுகளில் பல சரியாகப் பழுதுபார்க்கப்படாமலே கிடந்தன. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. சில சுவர்களில் போர்க்காலத்துக் குண்டுத் தழும்புகள்கூட அப்படியே இருந்தன. வேறு மனிதர்கள் குடியிருந்தார்கள். முன்பு இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று வழிப்போக்கன் அறிந்துகொள்ளும்படி அந்தத் தெருக்களில் அநேகமாக எதுவும் இல்லை.

1991இல் ஷிமோன் ஆட்டி பெர்லினுக்கு வந்தார். அவரும் யூதர். அந்தத் தெருக்களில் நடந்தபோது அவருடைய மனத்தில் எழுந்த கேள்வி மிக எளியது. இத்தனை பேர் வாழ்ந்த இடமாயிற்றே, அவர்கள் எல்லாரும் எங்கே? கேள்வி எளிது, கேட்பவர்தான் அங்கே குறைவாக இருந்தார்கள்.

அவர் ஆவணக் காப்பகங்களுக்குப் போனார். 1920களிலும் 1930களிலும் அந்தப் பேட்டையில் எடுக்கப்பட்ட புகைப்படங்களைத் தேடினார். எந்தப் படம் எந்தத் தெருவில், எந்த வீட்டு எண்ணுக்கு முன்னால் எடுக்கப்பட்டது என்று ஆராய்ந்தார். இது சுலபமான வேலையன்று. போருக்குப் பின் தெருக்களின் பெயர்கள் மாறியிருந்தன. வீட்டு எண்களும் மாறியிருந்தன. நாம் சொன்ன கிரெனடியர் தெருவுக்கு இப்போது அல்ம்ஸ்டாட் தெரு என்று பெயர். பழைய கிரெனடியர் தெரு 7ஆம் எண் வீடு, புதிய கணக்கில் அல்ம்ஸ்டாட் தெரு 43. ஆள் போனது மட்டுமன்று, ஆளைத் தேடிப்போகும் முகவரியும் போய்விட்டது.

அடுத்து, அந்தப் படங்களில் வேண்டிய பகுதியைப் பிரித்தெடுத்துச் சிலைடுகளாக ஆக்கினார். சிலைடு என்பது ஒளி ஊடுருவிச் செல்லக்கூடிய சிறிய பிலிம் துண்டு. ஒரு சட்டத்தில் செருகினால் நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைப் புரொஜெக்டரில் தலைகீழாகப் போடுவார்கள். பின்னால் ஒரு பலமான விளக்கு எரியும். அதன் ஒளியை ஒரு கண்ணாடி வில்லை ஒன்றுதிரட்டிப் பிலிமுக்குள் செலுத்தும். பிலிமைக் கடந்து வரும் ஒளியை முன்னாலுள்ள மற்றொரு வில்லை விரித்துச் சுவரில் நேராக விழச் செய்யும். புரொஜெக்டரைச் சுவரிலிருந்து இரண்டு மடங்கு தூரத்துக்குக் கொண்டுபோனால் படம் இரண்டு மடங்கு அகலமாகும். ஆனால், அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால் படத்தின் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே, உருவம் ஆள் உயரத்துக்கு வரவேண்டும், ஆனால் மங்கிவிடவும் கூடாது என்றால், தூரத்தைக் கணக்காகப் பார்த்து வைக்க வேண்டும்.

இருட்டிய பிறகு அவர் தெருவில் புரொஜெக்டரை வைத்துப் படத்தைச் சுவரில் விழச் செய்தார். ஒவ்வோர் இடத்திலும் ஓரிரண்டு இரவுகள் மட்டுமே அது தெரியும். அறிவிப்புப் பலகையோ நுழைவுச் சீட்டோ தேவைப்படவில்லை. கடைக்குப் போனவரும், வேலை முடிந்து வந்தவரும், மாடிச் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தவரும் அதைக் கண்டார்கள். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இப்படி அந்தப் பேட்டையில் இடம் மாறி இடம் இந்தப் பணி நடந்தது.

அல்ம்ஸ்டாட் தெரு 43ஆம் எண் வீட்டில் அவர் காட்டியது ஒரு புத்தகக் கடை. 1930இல் எடுத்த படம். எபிரேய எழுத்துகளுடன் ஒரு கடை முகப்பு, அங்கே ஒரு மனிதர். உதிர்ந்த சுவரின்மேல் அந்தக் கடை திரும்பவும் திறந்ததுபோல் தெரிந்தது. லீனியன் தெரு 137ஆம் எண் வீட்டில் காட்டியது இனிய காட்சியன்று. 1920இல் அங்கே வாழ்ந்த யூதர்கள்மீது போலீசார் நடத்திய சோதனையின் படம் அது. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஏழைகள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை அந்தச் சுவர் சொன்னது. ஆகவே, அந்தக் காலம் பொற்காலம், எல்லாரும் இன்பமாக வாழ்ந்தார்கள் என்று காட்டுவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை.

இங்கே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். புகைப்படம் என்பது என்ன? 1930இல் அந்தப் புத்தகக் கடைக்காரர்மேல் வெயில் பட்டது. பட்டுத் திரும்பிய ஒளி காமிராவுக்குள் போய், பிலிமிலுள்ள வெள்ளி உப்பில் தன் தடத்தைப் பதித்தது. அந்தத் தடத்தை ஊடுருவி மீண்டும் ஒளியைச் செலுத்தினால் அன்றைய உருவம் இன்று எதிரே விழுகிறது. படத்தைப் புத்தகத்தில் பார்க்கும்போது நமக்கு இது உறைப்பதில்லை. அவர் நின்ற அதே இடத்தில் அது வந்து விழும்போதுதான், இவர் இங்கேதான் நின்றார், இவரைப் போல் இன்னும் பலர் இங்கே நின்றார்கள் என்று உறைக்கிறது.

மற்றொன்று. ஒளியால் விழும் படம் சுவரை மறைப்பதில்லை. பழைய மனிதரின் கோட்டுக்குள்ளே இன்றைய செங்கல் தெரியும். அவருடைய முகத்துக்குக் குறுக்கே இன்றைய சன்னலின் சட்டம் ஓடும். பக்கத்து வீட்டில் இன்றைய விளக்கு எரியும். 1930ஆம் ஆண்டும் 1992ஆம் ஆண்டும் ஒரே சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். நம் மனத்தில் நினைவு வருவதும் இப்படித்தானே? இறந்துபோன தாயாரை அடுக்களைக் கதவருகே நினைக்கும்போது, கதவும் தெரிகிறது, தாயாரும் தெரிகிறார்.

ஆட்டி இந்தப் பணிக்குச் சுவரில் எழுதிய எழுத்து என்று பெயர் வைத்தார். இது விவிலியத்தில் தானியேல் ஆகமத்தில் வரும் கதையைக் குறிப்பது. பாபிலோன் அரசன் ஒருவன் யூதர்களின் ஆலயத்திலிருந்து கவர்ந்த பாத்திரங்களில் மது ஊற்றி விருந்து நடத்தும்போது, ஒரு கை தோன்றி அரண்மனைச் சுவரில் எழுதியது. யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. தானியேல் வந்து படித்தார். உன் ஆட்சியின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன என்பது அதன் பொருள். சுவர் பேசும், படிக்கத் தெரிந்தவன் வேண்டும் என்பதே அந்தப் பெயரின் கருத்து.

இனி, பெர்லின் மக்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்? சிலர் நின்று பார்த்தார்கள். சிலர் பேசாமல் கடந்து போனார்கள். ஆட்டி கூறியுள்ள இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்தில் படம் விழுந்தபோது அங்கே குடியிருந்த ஒருவர் வெளியே ஓடிவந்தார். இந்த வீட்டை என் தகப்பனார் 1938இல் ஒரு யூதரிடமிருந்து முறையாக விலை கொடுத்து வாங்கினார் என்று கத்தினார். வேறோர் இடத்தில், என் வீட்டில் யூதர் படம் விழுந்தால் அக்கம்பக்கத்தார் என்னையும் யூதர் என்று நினைத்துவிடுவார்கள் என்று ஒருவர் போலீசைக் கூப்பிட்டார்.

யாரும் அந்த மனிதரிடம் வீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. சுவரில் வெளிச்சம் பட்டது, அவ்வளவுதான். ஆனாலும், அவர் 1938 என்ற ஆண்டைத் தாமாகவே சொல்லிவிட்டார். அந்த ஆண்டில் யூதர் ஒருவர் வீட்டை விற்றார் என்றால் எப்படி விற்றிருப்பார்? அந்நாளில் யூதர்களின் சொத்துகள் அச்சுறுத்தலாலும் சட்டத்தாலும் அடிமாட்டு விலைக்குக் கைமாறின என்பது வரலாறு. பத்திரம் முறையாக இருக்கலாம். விற்றவனுக்கு வேறு வழி இருந்ததா என்பது வேறு கேள்வி. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்படாமல் கிடந்த அந்தக் கேள்வியை ஒரு விளக்கும் ஒரு சிலைடும் கிளப்பிவிட்டன.

இந்தப் பணியில் ஒரு குறையும் சொல்லப்பட்டது. அதையும் மறைக்காமல் பார்ப்போம். எல்லாப் படங்களுக்கும் சரியான வீடு கிடைக்கவில்லை. சில வீடுகள் போரில் இடிந்துபோயின. சில படங்கள் எங்கே எடுக்கப்பட்டன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட படங்களைப் பக்கத்திலுள்ள வேறு வீடுகளில் ஆட்டி காட்டினார். அது வரலாறு ஆகுமா என்று கேட்டால், முழுக்க ஆகாது. நல்ல வரலாற்றாசிரியனாக இருப்பதா, நல்ல கலைஞனாக இருப்பதா என்று வந்தபோது கலைஞனாக இருக்கவே முடிவு செய்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வீடு எது என்று சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இல்லை, அல்லது கடல் கடந்து சிதறிப்போனார்கள். படம் எடுத்த அன்றே அதன் பின்புறத்தில் நான்கு சொற்கள் எழுதப்பட்டிருந்தால் இந்தத் தடுமாற்றம் நேர்ந்திராது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்புவோம்.

விளக்கை அணைத்த பின் மிஞ்சியது என்ன? ஆட்டி ஒவ்வொரு சுவரையும் படத்தோடு சேர்த்துத் தம் காமிராவால் எடுத்து வைத்தார். இரவு வெளிச்சம் போதாததால் காமிராவின் கண்ணைச் சில நிமிடங்கள் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. அப்படித் திறந்து வைத்தால், தெருவில் நிற்காமல் நடந்து போகிறவர்கள் படத்தில் பதிய மாட்டார்கள். அசையாமல் நிற்பது மட்டுமே பதியும். ஆகவே, அந்தப் படங்களில் உயிரோடு நடந்துபோனவர் காணவில்லை. என்றோ போய்விட்ட கடைக்காரர் தெளிவாக நிற்கிறார். அல்ம்ஸ்டாட் தெருப் படம் நியூயார்க் நகரிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பிற்பாடு அந்தப் பேட்டையின் தோற்றமே மாறிற்று. பழைய வீடுகள் பலவற்றைப் பூசி வண்ணம் அடித்தார்கள். கடைகளும் உணவகங்களும் வந்தன. வாடகை ஏறிற்று. உதிர்ந்த சுவர்களை இப்போது அங்கே போய்த் தேடினால் எளிதில் கிடைக்காது. 1930ஐக் காட்டுவதற்காக எடுத்த படம், மறைந்துபோன 1992க்கும் சாட்சியாகிவிட்டது.

ஓரிரண்டு இரவு தெரிந்து மறையும் ஒளி போதுமா, நிலையாக ஏதேனும் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஜெர்மனியில் ஒருவர் வழி கண்டார். குந்தர் டெம்னிக் என்னும் கலைஞர், கொல்லப்பட்டவர்கள் கடைசியாகத் தாமே விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில், நடைபாதையில், ஒரு சிறிய பித்தளைத் தகடு பதித்த கல்லை வைக்கும் பணியை 1990களில் தொடங்கினார். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள கல் அது. இங்கே வாழ்ந்தவர் என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, அவருக்கு நேர்ந்தது ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். 2023ஆம் ஆண்டில் அந்தக் கற்களின் எண்ணிக்கை 100,000ஐ எட்டிவிட்டது. அதில் முகம் இல்லை; பெயர் இருக்கிறது. ஆட்டியின் சுவரில் முகம் இருந்தது. பல முகங்களுக்குப் பெயர் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முகமும் பெயரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

உயிரோடு இருப்பவர்களின் நினைவையும் ஆட்டி ஒளியாக்கியிருக்கிறார். 1998இல் நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் அந்தப் பணி நடந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியேறிய இடம் அது. அங்கே வாழ்ந்த வெவ்வேறு இனத்தவரிடம் அவர்களுடைய நினைவுகளை அவரவர் கைப்பட எழுதச் சொன்னார். அந்தக் கையெழுத்தை லேசர் ஒளியால், யாரோ அப்போதுதான் எழுதுவதுபோல், பழைய குடியிருப்புக் கட்டடங்களின் சுவரில் ஓடச் செய்தார். பெர்லினில் கேட்பதற்கு ஆள் இல்லை. நியூயார்க்கில் ஆள் இருக்கும்போதே கேட்டார்.

நேயர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் கதையும் பெர்லின் யூதர்களின் கதையும் ஒன்றல்ல. அங்கே நடந்தது ஓர் இனத்தையே அழிக்க அரசாங்கம் செய்த கொலை. அதை எதனோடும் ஒப்பிட்டு எளிதாக்கக் கூடாது. ஆனாலும், வாழ்ந்த இடம் தன் மனிதர்களை மறந்துபோவது எப்படி என்பது நமக்கும் தெரிந்த பாடம்.

1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பின்னர், எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயன் வீடுகள் இடிக்கப்பட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கடை வரிசை எழுந்தது. தோட்டத்தின் பெயர் போய்த் தாமானின் பெயர் வந்தது. கோயில் மட்டும் ஒரு மூலையில் மிஞ்சியிருக்கும். சில இடங்களில் அதுவும் இல்லை. அந்தத் தாமானில் இன்று பிறக்கும் குழந்தைக்கு, தன் வீட்டுக்கு அடியில் யாருடைய லயம் இருந்தது என்று எப்படித் தெரியும்? கிரெனடியர் தெரு அல்ம்ஸ்டாட் தெருவானதுபோலத்தான் இதுவும்.

ஆனால், பெர்லினுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அந்த லயத்தில் பிறந்தவர்கள், அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் படங்களும் இருக்கின்றன. கல்யாணத்தில் எடுத்தது, தீமிதியில் எடுத்தது, தோட்டப் பள்ளிக்கூடத்து வகுப்பில் வரிசையாக நிற்க வைத்து எடுத்தது என்று பழைய தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும். படத்தில் இருபது பேர் நிற்பார்கள். பாட்டியிடம் கேட்டால் பதினைந்து பேரின் பெயரைச் சொல்வார். பாட்டி போன பிறகு அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும் பேரனுக்கு அது இருபது அந்நியர்களின் படம்.

ஆகவே, நாம் செய்யத்தக்கது இதுதான். படத்தைக் கவிழ்த்து ஒரு கெட்டியான பலகையில் வைத்து, பின்புறத்தின் ஓரத்தில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். இடமிருந்து வலமாகப் பெயர்கள், தோட்டத்தின் பழைய பெயர், ஆண்டு, என்ன நிகழ்ச்சி ஆகிய நான்கும் இருந்தால் போதும். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் 1965 வாக்கில் என்று எழுதி, யார் சொன்னது என்பதையும் குறித்து வையுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத வேண்டாம். பின்புறம் வழுவழுப்பாக இருந்து பென்சில் பிடிக்காவிட்டால், ஒரு தாளில் எழுதிப் படத்தோடு உறையில் போட்டு வைக்கலாம். பசையும் ஒட்டுநாடாவும் படத்தைக் கெடுக்கும். கூரைச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியால் நகல் எடுப்பவர்கள் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுத்து வைத்தால், எழுதிய பெயர்கள் படத்தோடு கூடவே போகும்.

கலைந்துபோன தோட்டத்து மக்கள் ஆண்டுக்கொரு முறை பழைய கோயிலின் திருவிழாவுக்குக் கூடுவது பல இடங்களில் வழக்கம். அந்த இரவில் ஒரு புரொஜெக்டரை வைத்து, கோயில் மண்டபத்துச் சுவரில் இந்தப் படங்களைக் காட்டிப் பாருங்கள். இதற்குப் பெரிய கலைஞர் வரவேண்டியதில்லை. சுவரில் ஒரு முகம் விழும்போது கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர், இது இன்னாருடைய மகள், கடைசி லயத்தில் இருந்தார்கள் என்று குரல் கொடுப்பார். பக்கத்தில் ஒரு பிள்ளையைத் தாளும் பென்சிலுமாக உட்கார வையுங்கள். சொல்லுகிற பெயர்களை அவன் எழுதிக்கொள்ளட்டும்.

பெர்லினில் ஒரு கலைஞர் ஓராண்டு முழுதும் தெருத்தெருவாக ஒளியைச் சுமந்து திரிந்தார். அவருக்கு முகங்கள் கிடைத்தன. எல்லாருக்கும் பெயர் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் வீடும் கிடைக்கவில்லை. நமக்கு மூன்றும் இன்று கிடைக்கும். கேட்பதற்குப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.